நியூரோடச் முதல் நியூரோவிஆர் வரை: கையின் அழுத்தத்தை அளந்து கற்பித்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஆகஸ்டு மாதத்தில், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில், டேவிட் கிளார்க் என்னும் மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒரே கட்டியை இரண்டு முறை அகற்றினார். முதல் முறை அகற்றியபோது அது கணினிக்குள் இருந்தது. நோயாளியின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு முப்பரிமாணத்தில் உருவாக்கப்பட்ட மூளையும், மூளையுறையில் வளர்ந்த மெனிஞ்சியோமா வகைக் கட்டியும் நுண்ணோக்கி போன்றதொரு காட்சிக் கருவிக்குள் தெரிந்தன. கையில் பிடித்திருந்த கருவியின் வழியே அந்தக் கட்டியின் எதிர்ப்பை அவர் உணர்ந்தார். இரண்டாம் முறை, உண்மையான அறுவை அரங்கில், அதே நோயாளியின் அதே கட்டியை எடுத்தார். குறிப்பிட்ட ஒரு நோயாளியின் மூளையை முன்கூட்டியே இவ்வாறு ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்யப்பட்ட முதல் அறுவையாக இது அப்போது அறிவிக்கப்பட்டது.

அவர் பயன்படுத்திய கருவி நியூரோடச். கனடாவின் தேசிய ஆய்வு மன்றம் அந்நாட்டின் போதனா மருத்துவமனைகளோடு சேர்ந்து உருவாக்கிய சிமுலேட்டர், அதாவது உண்மை அறுவையைக் கணினியில் போலச் செய்து பழகும் கருவி, அது. செய்தித்தாள்களில் இடம்பிடித்தது அந்த ஹாலிஃபாக்ஸ் ஒத்திகைதான். ஆனால் இக்கருவியின் முக்கியமான வரலாறு அதற்குப் பிறகு மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், ரொலாண்டோ டெல் மாஸ்ட்ரோ தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவிடம் தொடர்ந்தது என்பது என் கருத்து. ஒரே வகைக் கருவியை வைத்துக்கொண்டு முதலில் திறனை அளந்து, பிறகு அந்த அளவீட்டைக் கொண்டே கற்பித்து, அந்தக் கற்பித்தல் மாணவர்களின் கைகளில் விட்டுச்சென்ற வேண்டாத தடங்களையும் தாமே தேடிக் கண்டுபிடித்து வெளியிட்ட குழுக்கள் இத்துறையில் குறைவு. இந்த ஆய்வுக்கு அவர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கடைசிச் செயல்தான்.

கை எதை உணர்கிறது

மூளை அறுவையில் மருத்துவரின் விரல் திசுவைத் தொடுவது அரிது. தொடுவது கருவியின் முனை. ஒரு கையில் இருமுனை மின்சூட்டு இடுக்கி இருக்கும். அது குருதிக் குழாய்களைச் சுட்டு அடைக்கவும் திசுவை மெல்ல விலக்கிப் பிடிக்கவும் பயன்படுகிறது. மற்றொரு கையில் உறிஞ்சு குழலோ, அதிர்வால் கட்டியைக் கூழாக்கி உறிஞ்சும் மீயொலி உறிஞ்சியோ இருக்கும். கட்டி எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எங்கே முடிகிறது, நலமான மூளை எங்கே தொடங்குகிறது என்பனவெல்லாம் அந்த உலோகத் தண்டின் வழியே விரல்களுக்கு வந்து சேரும் சிறு எதிர்ப்பு மாறுபாடுகளாகவே தெரியவருகின்றன. பல கட்டிகள் நிறத்தால் மூளையிலிருந்து பிரித்தறிய முடியாதவை. அத்தகைய இடத்தில் கண் அறிவதற்கு முன்பே கை அறிந்துகொள்கிறது.

இந்த விசைகள் மிகச் சிறியவை. இறந்தவர்களின் உடல்களில் எடுக்கப்பட்ட அளவீடுகளில், மூளைத் திசுவின் மீது செய்யப்படும் பெரும்பாலான நுண் அறுவைச் செயல்களுக்கு 0.3 நியூட்டனுக்கும் குறைவான விசையே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ நான்கு பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்தால் உணரும் எடைக்கு அது சமம். அதைவிட இரண்டு மடங்கு அழுத்துபவரையும் சரியாக அழுத்துபவரையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் வேறுபடுத்திச் சொல்ல முடிவதில்லை. நுண்ணோக்கியின் இரண்டாவது கண்ணாடியில் அவருக்குத் தெரிவது திசுவின் அசைவும் குருதிக் கசிவும் மட்டுமே, அழுத்தம் தெரிவதில்லை. மாணவர் அதிகம் அழுத்திவிட்டார் என்பது பெரும்பாலும் விளைவைப் பார்த்த பின்புதான் புரிகிறது. தலைமுறை தலைமுறையாக "மெதுவாக", "இன்னும் மெல்ல" என்ற சொற்களாலேயே இந்தப் பாடம் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் எந்த அளவும் இருந்ததில்லை.

தொடுவுணர்வுச் சிமுலேட்டரின் முதன்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மாணவருக்கு விசையை உணர்த்துவதற்காகவே இத்தகைய கருவிகள் உருவாக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் ஒரு விசையைக் கைக்குத் திருப்பித் தர வேண்டுமென்றால் கருவி அதை ஒவ்வொரு கணமும் கணக்கிட்டாக வேண்டும். கணக்கிட்டதைச் சேமித்தும் வைக்கலாம். உணர்த்துவதற்காகச் செய்த கணக்கு, மதிப்பிடுவதற்கான பதிவாகவும் ஆகிவிடுகிறது.

கருவி எப்படி இயங்குகிறது

1990களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாஸி, கென்னத் சாலிஸ்பரி ஆகிய இருவரும் உருவாக்கிய பேண்டம் என்னும் கைக்கருவியே இத்துறையின் பெரும்பகுதிக்கு அடித்தளம். மேசை மேல் நிற்கும் சிறு இயந்திரக் கை அது. அதன் நுனியிலுள்ள பேனா போன்ற பிடியைப் பயன்படுத்துபவர் நகர்த்தும்போது மூட்டுகளிலுள்ள உணரிகள் அதன் இருப்பிடத்தைக் கணினிக்குச் சொல்கின்றன. கணினிக்குள் அந்த நுனி ஒரு பொருளைத் தொட்டால், மோட்டார்கள் எதிர்த்திசையில் தள்ளுகின்றன. கண்ணுக்குத் தொடர்ச்சியான படமாகத் தெரிய நொடிக்கு 30 சட்டங்கள் போதும். கைக்கு அது போதாது. நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை விசை புதுப்பிக்கப்படாவிட்டால், கெட்டியான பரப்பு நடுங்குவதுபோல் கையில் படும். சில வேளைகளில் கருவியே அதிரத் தொடங்கிவிடும்.

நியூரோடச்சை வடிவமைத்தவர்கள் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதத்தை செபாஸ்டியன் டெலோர்மும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் விளக்கியுள்ளனர். காட்சி, தொடுவுணர்வு, திசுவின் இயக்கவியல் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிக் கணிப்புகளாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. திசு எப்படி நெளிகிறது, எப்படிக் கிழிகிறது, உறிஞ்சப்படும்போது எப்படிக் குறைகிறது என்பதைக் கணக்கிட மூளையைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் விசையைக் கணிக்கும் முறை பயன்படுகிறது. இது நேரம் பிடிக்கும் கணக்கு. கைக்குச் செல்லும் விசையோ காத்திருக்க முடியாதது. ஆகவே தொடுவுணர்வுக் கணிப்பு தன் வேகத்தில் தனியே ஓடி, இயக்கவியல் கணிப்பிடமிருந்து வரும் நிலையை அவ்வப்போது பெற்றுக்கொள்கிறது. இரு கைகளுக்கும் இரண்டு இயந்திரக் கைகள், ஆழம் தெரியும்படி இரு கண்களுக்கும் தனித்தனிப் படம், மின்சூட்டையும் உறிஞ்சியையும் இயக்கக் கால்மிதிகள் என்று அறுவை அரங்கின் அமைப்பு இயன்றவரை அப்படியே பின்பற்றப்பட்டது.

முதலில் இரண்டு பயிற்சிகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் நலமான திசுவைத் தொடாமல் கட்டியை முழுமையாக எடுக்க வேண்டும். மற்றொன்றில் குருதி நிறைந்த கட்டியை எடுத்துக்கொண்டே இருமுனை இடுக்கியால் கசிவைக் கட்டுப்படுத்த வேண்டும். கனடாவெங்கும் 7 போதனா மருத்துவமனைகளில் மாதிரிக் கருவிகள் நிறுவப்பட்டன. பின்னர் இத்தொழில்நுட்பம் சி.ஏ.இ. ஹெல்த்கேர் நிறுவனத்திடம் சென்று, நியூரோவிஆர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் அப்போதைய தாய் நிறுவனமான சி.ஏ.இ. விமானிகளுக்கான சிமுலேட்டர்களுக்குப் பெயர்பெற்றது. அதுவும் மாண்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்டதே.

நிறத்தை மறைத்து, கெட்டித்தன்மையை மாற்றி

மெக்கில் குழுவின் தொடக்க கால ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது கட்டிகளை வடிவமைத்த முறை. அவர்கள் உண்மைக் கட்டியைப் போலவே ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. கட்டியின் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தனித்தனியே மாற்றினர். கெட்டித்தன்மை மூன்று நிலைகளில் அமைந்தது: 3 கிலோபாஸ்கல் மென்மையானது, 9 நடுத்தரமானது, 15 கடினமானது. நிறத்தில் ஒன்று கறுப்பு. சுற்றியுள்ள மூளையிலிருந்து பளிச்சென்று தெரியும். ஒன்று கிளையோமா என்னும் மூளைக் கட்டியின் நிறம். இன்னொன்று வெள்ளை, பின்னணியோடு கலந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் எளிமையானது. கறுப்புக் கட்டியைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம். வெள்ளைக் கட்டியின் எல்லையை அறிய, கருவியின் வழியே வரும் எதிர்ப்பையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். ஒருவர் கறுப்பில் நன்றாகச் செய்து வெள்ளையில் தடுமாறினால் அவருடைய கை இன்னும் கற்கவில்லை என்று சொல்லலாம். தொடுவுணர்வைத் தனியே பிரித்துச் சோதிக்க, உண்மையான நோயாளியிடம் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றை இக்கருவி சாத்தியமாக்கியது.

அதே காலத்தில் விசையின் இடப்பரவலை வரைபடமாக்கும் முறையையும் இக்குழு உருவாக்கியது. கட்டியின் மேற்பரப்பை ஒரு தளமாக விரித்து, எந்தப் புள்ளியில் எவ்வளவு விசை செலுத்தப்பட்டது என்பதை உயரமாகக் காட்டினால் கூம்பு வடிவம் ஒன்று எழுகிறது. அதற்கு விசைப் பிரமிடு என்று பெயரிட்டனர். ஒருவர் மொத்தத்தில் எவ்வளவு அழுத்தினார் என்ற ஒற்றை எண்ணைவிட இது பயன்மிக்கது. கட்டியின் நடுவில் சற்று அதிகம் அழுத்துவதால் பெரிய தீங்கில்லை; அதே அழுத்தம் எல்லையோரத்தில், நலமான மூளையை ஒட்டிய இடத்தில் விழுந்தால் தீங்கு. எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். படம் பிரித்துக் காட்டும்.

50 பேர், 250 அறுவைகள்

2015 மார்ச்சு முதல் 2016 மே வரை நடந்த பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு இந்நிகழ்வின் நடுப்பகுதி. 14 அறுவை நிபுணர்கள், 4 உயர்நிலைப் பயிற்சியாளர்கள், 10 மூத்த முதுநிலை மாணவர்கள், 10 இளைய முதுநிலை மாணவர்கள், 12 மருத்துவ மாணவர்கள் என 50 பேர், நியூரோவிஆரில் ஒரே பயிற்சியை ஐந்து முறை செய்தனர். ஆக 250 கணினி அறுவைகள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சி, மூளையின் மேற்பரப்பை மூடியிருக்கும் பையா என்ற மெல்லிய உறையின் அடியிலிருந்து கட்டியை அகற்றுவது. உறையைக் கிழிக்காமல், அதற்கு அப்பாலுள்ள குருதிக் குழாய்களையும் நலமான திசுவையும் காத்துக்கொண்டு செய்யும் நுட்பம் இது. வலிப்பு நோய் அறுவையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு; வைல்டர் பென்ஃபீல்டு 1934இல் நிறுவிய மாண்ட்ரியல் நரம்பியல் கழகத்தின் மரபோடு அது நெருங்கிய தொடர்புடையது. அந்த மண்ணில் வளர்ந்த ஒரு கைத்திறனையே அந்த ஊரின் ஆய்வாளர்கள் சோதனைக்கு எடுத்தது பொருத்தமானது.

கருவி சேமித்த பதிவுகளிலிருந்து 270 அளவுகள் உருவாக்கப்பட்டன: விசை, வேகம், முடுக்கம், இரு கருவி முனைகளுக்கு இடையிலான தூரம், குருதி இழப்பு, அகற்றிய கட்டியின் பங்கு, தவறுதலாக அகற்றிய நலமான திசுவின் பங்கு, இவற்றின் பல்வேறு சேர்க்கைகள். பிறகு நான்கு வகையான கணினிக் கற்றல் முறைகளிடம், இந்த எண்களை மட்டும் பார்த்து ஒருவர் எந்தப் பயிற்சி நிலையைச் சேர்ந்தவர் என்று சொல்லும்படி கேட்டனர். மிகச் சிறப்பாகச் செயல்பட்ட முறை ஆறே ஆறு அளவுகளைக் கொண்டு 90 விழுக்காடு பேரைச் சரியான நிலையில் வைத்தது. 50 பேரில் 45 பேர்.

இந்த எண்ணை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். 50 பேர் மட்டுமே, ஒரே பயிற்சி, ஒரே கருவி. இந்த முறை கண்டறிந்தது ஒருவர் நல்ல அறுவை மருத்துவரா என்பதை அன்று. அவர் கருவியைக் கையாளும் விதம் எந்தப் பயிற்சி நிலையினரின் விதத்தை ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நோயாளிகள் பிழைத்தார்களா, பேச்சும் அசைவும் அவர்களுக்கு எஞ்சினவா என்ற அளவுகோல் இதற்குள் எங்கும் இல்லை. ஆயினும் இதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது: அனுபவம் கையில் விட்டுச்செல்லும் தடம் எண்களாகப் படிக்கக்கூடியது என்பதை இது காட்டியது.

கற்பிக்கத் தொடங்கிய இயந்திரம்

திறனை அளக்க முடியுமானால், அளந்ததை மாணவரிடம் திருப்பிச் சொல்லிக் கற்பிக்கவும் முடியும் அல்லவா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 2020இல் இக்குழு தன் கற்பிக்கும் மென்பொருளை வெளியிட்டது. அதே 50 பேரின் பதிவுகளில், 28 பேரைத் திறனாளர் என்றும் 22 பேரைப் புதியவர் என்றும் பிரித்து, நான்கே அளவுகளைக் கொண்டு 92 விழுக்காடு துல்லியத்தோடு அது வேறுபடுத்தியது. நான்கும் இரண்டு படிகளாக அடுக்கப்பட்டன. முதலில் பாதுகாப்பு: குருதிக் கசிவும் இடுக்கியால் செலுத்தப்படும் விசையும். அவற்றில் தேறிய பிறகே அசைவு: கருவி முனைகளுக்கு இடையிலான தூரமும் கையின் முடுக்கமும். மாணவர் எந்தப் படியில் நிற்கிறார், எது குறைகிறது என்பதை மென்பொருள் விளக்கிச் சொல்லும். காரணம் சொல்லாமல் மதிப்பெண் மட்டும் தரும் கருவியிடம் எந்த மாணவரும் கற்றுக்கொள்ள முடியாது என்பதை இக்குழு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, கொரோனாவால் நேரடி வகுப்புகள் முடங்கியிருந்த காலத்தில், இந்த மென்பொருளைச் சோதித்தனர். சிமுலேட்டரை முன்பு தொட்டிராத 70 மருத்துவ மாணவர்கள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். 23 பேர் மென்பொருளிடம் கற்றனர். 24 பேருக்குத் தொலைவிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்த நிபுணர்கள் கற்பித்தனர். எஞ்சிய 23 பேருக்கு எந்தப் பின்னூட்டமும் தரப்படவில்லை. ஒவ்வொருவரும் ஐந்து முறை பயிற்சி செய்து, இறுதியில் மேலும் சிக்கலான, உண்மையை ஒத்த ஓர் அறுவையைச் செய்தனர். எல்லாம் ஒரே அமர்வில்.

–1 முதல் +1 வரையிலான திறன் மதிப்பெண்ணில் மென்பொருளிடம் கற்றவர்கள், நிபுணரிடம் கற்றவர்களைவிட 0.66 அதிகம் பெற்றனர். பின்னூட்டமே பெறாதவர்களைவிட 0.65 அதிகம். அடுத்தடுத்துள்ள இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் சற்று அதிர்ச்சியான செய்தி ஒன்று தெரிகிறது: இந்த மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, நிபுணரிடம் கற்றவர்களும் யாரிடமும் கற்காதவர்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றனர்.

இயந்திரம் மனிதரை வென்றது என்று இதை வாசித்தவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. மதிப்பெண் அளந்த நான்கு அளவுகளையேதான் மென்பொருளும் கற்பித்தது. தேர்வுக்கு வரும் வினாக்களை அறிந்தவர் நடத்திய பாடம் அது. தொலைவில் அமர்ந்திருந்த நிபுணர் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தில் விசை தெரியாது. அவருக்கு மாணவரின் கை எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்லும் கருவி எதுவும் தரப்படவில்லை. மேலும் அறுவைத் திறனை நேரில் கண்டு மதிப்பிடுவதற்கு 1990களில் டொராண்டோவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படும் மதிப்பீட்டுப் படிவத்தைக் கொண்டு, யார் எந்தக் குழு என்பதை அறியாத மதிப்பீட்டாளர்கள் இறுதி அறுவையைப் பார்த்தபோது, பொது மதிப்பீட்டில் மூன்று குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. உட்கூறுகளில் வேறுபாடு இருந்தது. அவற்றுள் கருவியைக் கையாளும் விதம் என்ற உட்கூறில் பின்னூட்டம் பெறாதவர்களைவிட உறுதியாக மேம்பட்டவர்கள் மனித நிபுணரிடம் கற்றவர்களே.

பாதுகாப்பான, ஆனால் தயங்கும் கைகள்

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். குழுவினர் அதே பதிவுகளைத் திரும்ப எடுத்து, மென்பொருள் கற்பித்த நான்கு அளவுகளுக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்த்தனர். மென்பொருளிடம் கற்றவர்களும் பின்னூட்டம் பெறாதவர்களும் சேர்ந்த 46 பேரின் பதிவுகளை, 14 நிபுணர்களின் அளவோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டனர்.

கற்பிக்கப்பட்ட பாதுகாப்பு அளவுகளில் மாணவர்கள் நிபுணர்களை நெருங்கியிருந்தனர். ஆனால் கற்பிக்கப்படாத இடங்களில் கை மாறியிருந்தது. முதன்மைக் கையின் வேகம் குறைந்திருந்தது. அசைவின் வீச்சு சுருங்கியிருந்தது. கட்டியை அகற்றும் செயல்திறன் தாழ்ந்திருந்தது. தவறு செய்துவிடக் கூடாது என்று கற்றவர்கள், தவறு செய்யாமலிருப்பதற்கு மிக எளிய வழியைக் கண்டுபிடித்திருந்தனர்: குறைவாக அசைவது. நிபுணரின் கை பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் அது மெதுவாக இயங்குவதன்று. எங்கே விரைவாகப் போகலாம், எங்கே நிதானிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். மென்பொருள் அந்த அறிவின் ஒரு விளைவை அளந்தது. மாணவர்கள் அறிவைப் பெறாமல் விளைவை மட்டும் நகல் செய்தனர்.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இந்தக் கண்டுபிடிப்புதான். தான் உருவாக்கிய கருவியின் குறையைத் தானே தேடிச் சென்று, அதைத் தெளிவான சொற்களில் அச்சிடுவது ஆய்வுலகில் எளிதான காரியமன்று. அறுவைப் பயிற்சிக்குச் சிமுலேட்டர் வாங்க நினைக்கும் எந்தத் துறையும் விற்பனையாளரின் விளக்கக் கையேட்டுக்கு முன் படிக்க வேண்டியது இதைத்தான். எந்த அளவை மாணவரிடம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு ஏற்பவே அவர் கை வளைகிறது. சொல்லாமல் விட்ட அளவுகளில் அவர் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார். ஆகவே கற்பிக்கும் அளவுகளுக்கு வெளியே ஒரு காவல் பட்டியலையும் வைத்துக்கொண்டு, பயிற்சி நடக்கும்போதே அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இதே கால அளவில் குழு வேறொரு திசையிலும் சென்றது. பயிற்சி முடிந்த பிறகு மதிப்பெண் தருவதற்குப் பதிலாக, 0.2 நொடிக்கு ஒரு முறை கைகளின் நிலையை மதிப்பிட்டு, தவறு நிகழும் கணத்திலேயே சொல்லும் மென்பொருளை 2022இல் வெளியிட்டனர். "பத்து நிமிடம் முன்பு அதிகம் அழுத்தினாய்" என்று கேட்பதற்கும், அழுத்திக்கொண்டிருக்கும்போதே கேட்பதற்கும் கைக்குப் பெரிய வேறுபாடு உண்டு. விசையின் நினைவு மிகக் குறுகியது.

தொடுவுணர்வு இன்றியும் முடியுமா

இவ்வளவு செலவும் கணிப்பும் தொடுவுணர்வுக்குத் தேவைதானா என்ற கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அதற்கு எதிரான மிக வலுவான சான்று 2002இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 16 அறுவைப் பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர் மிஸ்ட்-விஆர் என்னும் சிமுலேட்டரில் பயின்றபின், உண்மையான நோயாளிகளிடம் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) முறையில் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தனர். சிமுலேட்டரில் பயின்றவர்கள் 29 விழுக்காடு விரைவாக முடித்தனர். அவர்களுடைய சராசரித் தவறுகள் ஓர் அறுவைக்கு 1.19, மற்றவர்களுடையவை 7.38. மிஸ்ட்-விஆரில் விசைப் பின்னூட்டம் எதுவும் இல்லை. எளிய வடிவங்களைத் திரையில் பிடித்து நகர்த்தும் பயிற்சிகளே அதில் இருந்தன.

ஆக, தொடுவுணர்வு இல்லாத பயிற்சியும் அறுவை அரங்குவரை பயனளிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் லேப்ராஸ்கோப்பியில் மாணவர் முதலில் கற்க வேண்டியது வேறு. வயிற்றுச் சுவரின் துளையை ஊன்றுகோலாகக் கொண்டு நீண்ட கருவி எதிர்த்திசையில் அசைவதையும், தட்டையான திரையிலிருந்து ஆழத்தை ஊகிப்பதையும் அவர் பழக வேண்டும். இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்கும் கைக்குமான ஒருங்கிணைப்பு. துளைக்குழாயின் உராய்வில் திசுவின் எதிர்ப்பில் ஒரு பகுதி அங்கே தொலைந்தும் விடுகிறது. ரோபோ அறுவையில் பல ஆண்டுகள் விசைப் பின்னூட்டமே இல்லாமல் மருத்துவர்கள் கண்ணை நம்பிப் பணியாற்றினர். டா வின்சி என்னும் ரோபோ அறுவைக் கருவியின் ஐந்தாம் தலைமுறைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதுதான் அந்த வரிசையில் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன. நுண்ணோக்கியின் கீழ் மென்மையான மூளையை நேரடியாகத் தொடும் அறுவையை இவற்றோடு ஒப்பிட முடியாது. எனவே தொடுவுணர்வு தேவையா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்த அறுவை, எந்தப் படி, எதைக் கற்க, எதை அளக்க என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும்.

தொடுவுணர்வுக் கருவிகளின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேசைக் கருவிகள் தரும் விசைக்கு உச்ச வரம்பு உண்டு. பரவலாகப் பயன்பட்ட பேண்டம் ஆம்னி ஏறத்தாழ 3.3 நியூட்டனுக்கு மேல் தர முடியாது. மூளைக்கு அது போதும். எலும்பைத் துளையிடும் பயிற்சிக்குப் போதாது. இத்தகைய பல கருவிகள் நுனி ஒன்றில் ஏற்படும் தள்ளலையே தருகின்றன. இடுக்கியின் இரு முனைகளுக்கு நடுவே சிக்கிய திசுவின் நெகிழ்வை அப்படியே உணர்த்துவது அவற்றால் கடினம். தவறாக உணர்த்தும் கருவி, எதையும் உணர்த்தாத கருவியைவிடத் தீங்கானது. கை தவறான எதிர்ப்புக்குப் பழகிவிடும்.

எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்

மாண்ட்ரியல் குழுவின் அடுத்த சோதனை 2025இல் வெளிவந்தது. 87 மருத்துவ மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்கு மென்பொருளே தவறைக் கண்டு குரலில் திருத்தம் சொன்னது. இரண்டாம் குழுவுக்கு அதே திருத்தத்தை, அதே சொற்களில், அருகில் நின்ற மனித ஆசிரியர் சொன்னார். மூன்றாம் குழுவில் மென்பொருள் கண்டறிந்த தவறு ஆசிரியருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதை எப்படிச் சொல்வது என்பது அவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

மூன்றாம் குழுவே மென்பொருளிடம் மட்டும் கற்றவர்களைவிட மேம்பட்டது. பயிற்சியில் மட்டுமல்லாமல், கற்றதைச் சிக்கலான அறுவைக்கு எடுத்துச் செல்வதிலும் அது முன்னே நின்றது. 2021இல் தொலைவிலிருந்து படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நிபுணருக்குக் கிடைக்காத ஒன்று இந்த ஆசிரியருக்குக் கிடைத்திருந்தது: மாணவரின் கை அந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தி. அதை அவர் எண்ணாகவே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டைத் தாங்கியில் ஊன்றச் சொல்லலாம். இடுக்கியைச் சற்றுப் பின்னால் பிடிக்கச் சொல்லலாம். தயங்கி நிற்கும் மாணவரிடம் இந்த இடத்தில் பயப்பட வேண்டியதில்லை, விரைவாகவே போகலாம் என்று சொல்லலாம்.